தென்னகும்புரப் பாலத்து மஞ்சள் விளக்கு

அந்த விளக்கு முதன்முதலில் எரிந்தது தென்னகும்புரப் பாலத்தின் நடுவில். குண்டசாலையில் இருந்து கண்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் காலையில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கிற இடம் அது. முன்னால் பஸ், பின்னால் பஸ், பக்கத்தில் ஒரு முச்சக்கரவண்டி தன் மூக்கை என் கதவுக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஸ்டியரிங்குக்குப் பின்னால், எஞ்சின் படம் போட்ட சின்ன மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் அதை எனக்கு முன்பே பார்த்துவிட்டார். மனிதருக்கு வீட்டில் உப்பு முடிந்துபோனது தெரியாது, அடுப்பில் பால் பொங்குவது தெரியாது. கெட்ட சகுனம் மட்டும் கண்ணுக்குத் தப்பாது.

"விளக்கு எரியுது," என்றார்.

"தெரியுது," என்றேன்.

"மஞ்சளா எரியுது."

அவரை அந்தப் பாலத்திலேயே இறக்கிவிட்டிருப்பேன். பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்ன் அடித்ததால் தப்பினார்.

எங்களுடையது ஒரு சின்ன ஜப்பான் கார். பழையதுதான். யாரோ ஒருவர் அங்கே ஓட்டித் தேய்த்து, கப்பலில் ஏற்றி அனுப்பி, அதற்குப் பிறகு இங்கேயும் ஒருவர் ஓட்டித் தேய்த்து, மூன்றாவதாக எங்கள் கைக்கு வந்தது. வார நாட்களில் அது எங்களைக் கண்டியில் கொண்டுபோய் விடும். கணவர் பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்வி படிப்பிக்கிறார், நான் ஒரு கம்பனியில் கணக்குப் பார்க்கிறேன். அதற்கு பஸ் போதும். எனக்கு அந்தக் கார் வேண்டியிருந்தது ஞாயிற்றுக்கிழமைகளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை நான் தெல்தோட்டைக்குப் போவேன். அப்பா அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறார். எங்களோடு வந்து இருங்கள் என்று கெஞ்சியும் பார்த்தாயிற்று, சண்டை போட்டும் பார்த்தாயிற்று. குண்டசாலையில் பேச ஆள் இல்லையாம், காற்று சூடாம், எங்கள் வீட்டுத் தேத்தண்ணி வாயில் வைக்கவே முடியாதாம். பஸ்ஸில் போனால் கண்டியில் இறங்கி மாறி, அங்கிருந்து தொங்கிக்கொண்டு போய், கடைசியில் மலையும் ஏறவேண்டும். போய்ச் சேர்ந்ததும் திரும்புகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். கார் இருந்தால் முழு நாளும் அப்பாவோடு இருக்கலாம். சமைத்துக் கொடுக்கலாம், அவரோடு சண்டை பிடிக்கலாம், அவரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்.

கோயிலுக்குப் போவது என்பது அப்பா சொல்கிற காரணம். உண்மையான காரணம் வழியில் இருக்கிற, அப்பா வேலை செய்த தோட்டத்தின் பெரிய கிளாக்கரின் வீடு. ரிட்டயராகி எத்தனையோ வருடமாகியும் ஐயா ஞாயிற்றுக்கிழமை காலையில் விறாந்தையில் கதிரை போட்டுப் பேப்பர் பார்ப்பார். ஒரு காலத்தில் அந்த விறாந்தைக்கு வெளியே, வெயிலிலும் மழையிலும் அப்பா கைகட்டி நின்றிருக்கிறார். இப்போது அந்த வீடு வந்ததும் அப்பா முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "மெதுவா போ. ஒரு ஹோர்ன் அடி," என்பார். அடிப்பேன். கிளாக்கர் பேப்பரை இறக்கிப் பார்ப்பார். அப்பா அவரைப் பார்க்கவே மாட்டார். அந்த ஒரு ஹோர்னுக்காகத்தான் கிழவர் கிழமை முழுவதும் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த மஞ்சள் விளக்கை என்னால் சும்மா விட முடியவில்லை.

முதலில் கராஜுக்குப் போனோம். அங்கே இருந்தவர் எஞ்சினைத் திறந்து பார்த்தார், மூடினார், கையைத் துடைத்தார். கம்பியூட்டர் போய்விட்டது, முழுசாக மாற்றவேண்டும் என்றார். எந்த விஷயத்தை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்டேன். அவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். ஓட்டுவது நான், கேட்டது நான், சாவி இருப்பது என் கையில். பதில் மட்டும் அவருக்கு. என் கணவரும் பெரிய விஷயம் தெரிந்தவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். மனிதருக்கு டயரில் காற்று அடிக்கிற ஓட்டை எது என்று தெரியாது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. சாவியைத் திருப்பி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கோபத்தில் ஓடர் பண்ணி வாங்கியதுதான் ஸ்கேனர். நெருப்புப்பெட்டி அளவு இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே அதைச் செருகினால், எஞ்சின் கம்பியூட்டர் தன் மனக்குறையை எல்லாம் ஃபோனுக்கு அனுப்பும். எங்கள் வண்டியின் குறை இதுதான்: எஞ்சினுக்குள் போகிற கலவையில் காற்று கூடிவிட்டது, பெற்றோல் குறைந்துவிட்டது. இதற்கா முழுக் கம்பியூட்டரையும் மாற்றச் சொன்னான் அந்த மனிதன்? அன்றைக்கே ஃபோனைக் கொண்டுபோய் அவன் மூஞ்சிக்கு முன்னால் காட்டியிருப்பேன், கணவர்தான் விடவில்லை.

விளக்கை ஸ்கேனரால் அணைத்தேன். மறுநாள் அதே பாலத்தில், அதே இடத்தில் மறுபடியும் எரிந்தது. இப்படி அணைப்பதும் எரிவதுமாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை கலஹாவைத் தாண்டி, மலை ஏறுகிற ஒரு வளைவில், பனிமூட்டத்துக்குள் எஞ்சின் பொசுக்கென்று நின்றது. மேலே இருந்து லொறி ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணி ஒருமாதிரிப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்கு வந்து அதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னேன். லொறிக்காரன் முழித்த முழியை நடித்தும் காட்டினேன். என் கணவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

இரண்டு நாள் கழித்துச் சொன்னார், வண்டியை விற்றுவிடுவோம் என்று. மடவளையில் துணிக்கடை வைத்திருக்கிற ஹாஜியார் ஒருவர், இவரிடம் படித்த மாணவனின் வாப்பா, மகளுக்குச் சின்னக் கார் ஒன்று தேடுகிறாராம். வாற ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். வண்டியில் சுகயீனம் இருப்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாராம், அரிச்சந்திரன். நான் ஆடிய ஆட்டத்தில் மேல் வீட்டுச் சிங்கள அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தாள். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். ஹாஜியார் வருவதற்குள் நான் விளக்கை அணைத்து, அது மறுபடி எரியாமல் வைத்தால் வண்டி நிற்கும். இல்லாவிட்டால் போகும்.

இந்த இடத்தில் என் கணவரின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுக்கு எந்தப் புதுப்பொருள் வந்தாலும் அது முதலில் சாமிப் படத்துக்கு முன்னால் போய் உட்காரவேண்டும். பிறகு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொட்டிடுவார். எல்லா வீட்டிலும் வண்டிக்கும் அலுமாரிக்கும் வைப்பார்கள், சரி. இவர் ரைஸ் குக்கருக்கு வைப்பார். வைஃபை பெட்டிக்கு வைப்பார். என் லெப்டொப்புக்கு அவர் வைத்த பொட்டு சரியாகக் கேமராவின் மேல் விழுந்து, அடுத்தநாள் ஒன்லைன் மீட்டிங்கில் கம்பனி முழுவதும் என்னைச் சிவப்பாகப் பார்த்தது. ஏதும் காய்ச்சலா என்று மனேஜர் விசாரித்தார். அன்றிலிருந்து அவர் வைப்பதும் நான் ஈரத்துணியால் துடைப்பதும்தான் எங்கள் வீட்டு வழக்கம். அவருக்கு அதில் மனவருத்தம் உண்டு. எனக்கும் லெப்டொப் உண்டு.

சரி, வண்டிக்கு வருவோம். நான் வாசித்தும் வீடியோ பார்த்தும் விளங்கிக்கொண்டது இது. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதைப் பார்த்துத்தான் கம்பியூட்டர் அதற்கேற்ற பெற்றோலை விடும். காற்றுக் குழாயில் ஒரு சென்சர் இருக்கிறது. அதன் நுனியில் சின்ன ஜன்னல் மாதிரி ஒரு துவாரம், அதற்குள்ளே மயிரிழை போல ஒரு கம்பி. காற்றை அளப்பது அந்தக் கம்பிதான். அதில் அழுக்குப் படிந்தால் வருகிற காற்றைக் குறைத்துச் சொல்லும், கம்பியூட்டரும் அதை நம்பிப் பெற்றோலைக் குறைத்துவிடும். எங்கள் வண்டியின் சென்சரைக் கழற்றிப் பார்த்தேன். ஊர்ப் புழுதி எல்லாம் அதில் இருந்தது. கண்டியில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன்.

அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து என் கணவருக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். அவர் அன்றைக்கு என்றும் இல்லாத கவனத்தோடு கேட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் துவாரத்துக்குள் எட்டிக்கூடப் பார்த்தார்.

"அப்போ எல்லாத்துலயும் முக்கியமானது இந்தக் கம்பிதானா?" என்று கேட்டார்.

"ஆமா. இது போச்சுன்னா எல்லாம் போச்சு," என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் சொன்ன ஒன்றை அவர் இப்படிக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

சென்சர் அன்றிரவு வழக்கம்போலச் சாமிப் படத்துக்கு முன்னால் இருந்தது. காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. நான் பெட்டியில் இருந்து எடுத்து, வெளியே பொட்டு ஏதும் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். இல்லை. மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, அவசர அவசரமாகக் குழாயில் செருகி இறுக்கினேன்.

விளக்கு பாலம் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. குண்டசாலைச் சந்தியிலேயே எரிந்தது. வண்டி முன்பைவிட மோசமாக இழுத்து இழுத்துப் போனது.

புதுச் சென்சர் பிழையாக இருக்காது, அப்படியானால் கம்பியூட்டரில் இருக்கிற கணக்குத்தான் பிழை என்று முடிவு கட்டினேன். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெற்றோல் என்று கம்பியூட்டருக்குள் ஓர் அட்டவணை இருக்கும். கேபிளைச் செருகினால் அதை லெப்டொப்பில் திறந்து மாற்றலாம். திறந்து பார்த்தேன். கட்டம் கட்டமாக எண்கள். எனக்கு அட்டவணை என்றால் பயம் கிடையாது. பெரிய பெரிய முதலாளிமாரின் அட்டவணைகளை எல்லாம் அழவைத்தவள் நான். பழைய கணக்கை அப்படியே ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, எண்களில் கை வைத்தேன்.

அந்தக் கிழமை முழுவதும் ஒஃபிஸ் விட்டு வந்ததும் அதே வேலைதான். முற்றத்துப் பலாமரத்தடியில் வண்டி. பக்கத்தில் அயன் பண்ணுகிற மேசை. அதன் மேல் லெப்டொப். அங்கிருந்து கேபிள் வண்டிக்குள் போகும், சேலைன் ஏற்றின நோயாளி மாதிரி. மேல் வீட்டு அம்மா ஜன்னலில் நின்று, காருக்குக் காய்ச்சல் குறைகிறதா என்று தினமும் விசாரிப்பாள். பெற்றோலைக் கொஞ்சம் கூட்டி எழுதினால் எஞ்சின் அமைதியாகும், விளக்கும் அணையும். நான் ராணி மாதிரி குண்டசாலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். மறுநாள் காலையில் பார்த்தால் கணக்கு மறுபடி மாறியிருக்கும். நேற்றுச் சரியாக இருந்தது இன்றைக்குப் பிழை. கூட்டினால் கூடிவிட்டது என்னும், குறைத்தால் குறைந்துவிட்டது என்னும். மாமியார் இல்லாத வீட்டில் எனக்கு வாய்த்த மாமியார் அந்தக் கார்தான்.

கணவர் இடையிடையே வருவார். தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைப்பார், கொஞ்சநேரம் நிற்பார். "சரியாயிரும்," என்பார். அவருக்கு எங்கிருந்து அந்த நம்பிக்கை வருகிறது என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். விற்கப் போகிறவர் ஏன் சரியாகவேண்டும் என்று நினைக்கவேண்டும் என்றுகூட அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை வந்துவிட்டது. விடிந்தால் ஹாஜியார். அப்பாவுக்கு ஃபோன் பண்ணி, இந்தக் கிழமை வர நேரமாகும் என்று மட்டும் சொன்னேன். வண்டி போகப்போகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. அவர், "பரவால்ல, கிளாக்கர் பகலைக்கும் வெறாந்தையிலதான் இருப்பாரு," என்றார். ஃபோனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். அழுதுவிட்டு வந்து, கடைசியாக ஒன்று பார்ப்போம், பழைய சென்சரையே போட்டு இரண்டின் அளவையும் ஒப்பிடுவோம் என்று புதியதைக் கழற்றினேன்.

கழற்றியதை வெயிலுக்குத் திருப்பியபோதுதான் துவாரத்துக்குள் ஏதோ மினுங்கியது. கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அந்த மயிரிழைக் கம்பியின் மேல், அச்சுப் பிசகாமல், ஒரு சந்தனப் பொட்டு. பாதி காய்ந்து வெடித்து உதிர்ந்திருந்தது. மீதிப் பாதியின் நடுவில் குங்குமம்கூட இருந்தது. ஈர்க்குச்சியின் நுனியால் வைத்திருக்கவேண்டும், அவ்வளவு நேர்த்தி. நான் ஒரு கிழமையாகக் கம்பியூட்டருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது சந்தனம் பூசிய மூக்கால் மூச்சுவிடுகிற கணக்கை. சந்தனம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர, என் கணக்கும் ஒவ்வொரு நாளும் பிழைத்துக்கொண்டே போயிருக்கிறது.

நான் போட்ட கூச்சலில் என் கணவர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். சென்சரை நீட்டினேன். கையும் களவுமாகப் பிடிபட்ட பிள்ளை மாதிரி முழித்தார்.

"நீதானே சொன்ன, எல்லாத்துலயும் முக்கியம் இந்தக் கம்பிதான்னு."

"அதுக்கு?"

"வெளிய வெச்சா நீ தொடச்சிருவ. அதான் உள்ள வெச்சேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் தலையில் எதையாவது தூக்கிப் போடவேண்டும் என்ற வெறியும் வந்தது. விற்கப் போகிற வண்டிக்குப் பொட்டு ஒரு கேடா என்று கத்தினேன். அவர் வண்டியின் பொனட்டில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"கலஹாவுக்கு அங்கிட்டு அந்த வளைவுல நின்னுச்சுன்னு நடிச்சுக் காட்டுனீல்ல. அதுக்குப் பொறவு நீ ஞாயித்துக்கெழம போயி திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல. ஒண்ணு இது சரியாகணும், இல்ல இது வீட்ட விட்டுப் போகணும். எனக்கு வேற என்னா தெரியும் சொல்லு? பொட்டு வெக்கத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் பிரத்தியேக வகுப்பு. நான் தனியாகத்தான் போய்வருவேன். திரும்பி வரும்போது அவர் கேட்டில் நிற்பதை, காற்று வாங்க நிற்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், உள்ளே போய், சென்சர் கழுவ வாங்கி வைத்த ஸ்ப்ரே போத்தலை எடுத்து வாருங்கள் என்று அதட்டினேன்.

ஸ்ப்ரே அடித்துக் கம்பியைக் கழுவி, காயவைத்து, மாட்டினேன். ஸ்டார்ட் பண்ணினால் கரும்புகை. சந்தனத்துக்கு என்று நான் கூட்டி வைத்த பெற்றோல் அது. பத்திரமாக வைத்திருந்த பழைய கணக்கைத் திரும்ப ஏற்றினேன். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு அமைதியானது. தென்னகும்புரப் பாலம் வரை போய் வந்தோம். திகன பக்கமும் போய் வந்தோம். விளக்கு எரியவில்லை. புழுதிதான் காரணம் என்று சாப்பாட்டு மேசையில் நான் சொன்னது சரி. இதை இன்றைக்கு வரைக்கும் அவருக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முகம் தொங்கியது. ஹாஜியாருக்கு வாக்குக் கொடுத்தாயிற்றே என்றார். அவ்வளவு பெரிய மனிதர் மடவளையில் இருந்து வேலையை விட்டுவிட்டு வருவார், அவர் முகத்துக்கு நேரே விற்கவில்லை என்று எப்படிச் சொல்வது, அதுவும் வண்டி இப்படிப் பூ மாதிரி ஓடும்போது அவர் விடுவாரா? ஃபோன் பண்ணிச் சொல்லுங்கள் என்றேன். ஃபோனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார், சார்ஜ் இல்லை என்றார். கடைசியில் பெருமூச்சு விட்டு, "அவரே வேணாம்னு சொன்னாத்தான் உண்டு," என்றார்.

அவர் அதைக் கவலையில் சொன்னார். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் அவர் சாமி கும்பிடப் போன நேரம் லெப்டொப்பை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். சந்தனத்துக்காக நான் எழுதின கணக்கு இன்னும் அழியாமல் இருந்தது. அதை வண்டிக்குள் ஏற்றினேன். போதாது என்று பட்டதால் இன்னும் கொஞ்சம் பெற்றோலும் கூட்டிவிட்டேன். இதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது.

ஹாஜியார் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வந்தார். கண்ணியமான மனிதர். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், கதவைத் திறந்து மூடிச் சத்தம் கேட்டார், பிறகு தான் தனியாக ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி ஏறினார். சாவியைத் திருப்பியதும் வண்டி இருமியது. பின்னால் கரும்புகை கிளம்பி என் கணவரின் வெள்ளைச் சட்டையில் படிந்தது. குலுங்கிக் குலுங்கி அது சந்தியை நோக்கிப் போனதை அவர் பேயறைந்த மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

"நேத்து நல்லாத்தானே ஓடுச்சு," என்றார். அதானே என்றேன்.

ஹாஜியார் திரும்பி வந்து, உட்கார்ந்து, ப்ளேன்டீயை நிதானமாகக் குடித்தார். வண்டியைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. தன் மகளுக்கு இது கொஞ்சம் சின்னதாகிவிடும், சேர் மனம் நோகக்கூடாது என்று மட்டும் சொன்னார். என் கணவர் நோகவே இல்லை, நோகவே இல்லை என்று இரண்டு தரம் சொன்னார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சட்டையில் இருந்த கரிகூட அவருக்கு மறந்துவிட்டது.

கேட் வரைக்கும் நான்தான் வழியனுப்பப் போனேன். அங்கே வைத்து அவர் சட்டைப் பையில் இருந்து ஒரு சாமானை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நெருப்புப்பெட்டி அளவு. என்னிடம் இருக்கிற அதே ஸ்கேனர்.

"காத்து சரியாத்தான் வருது மகள். பெற்றோல மட்டும் யாரோ வாளியால அள்ளி ஊத்துற மாதிரி ஈக்கி," என்றார். "இது வண்டிட நோய் இல்ல. விக்க விருப்பம் இல்லாட்டி வாயால செல்லியிருக்கலாமே?"

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "வாயால சொல்ல எங்க வீட்டுல ஆள் இல்லீங்க ஹாஜியார்," என்றேன்.

அவர் விறாந்தையில் கரிச்சட்டையோடு கைகூப்பி நின்றுகொண்டிருந்த என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். மகனின் வேனிலும் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறதாம், அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்தால் பார்த்துக் கொடுப்பீர்களா என்று கேட்டார். அவர் கேட்டது என்னைப் பார்த்து. அந்தக் கராஜ்காரன் அதைப் பார்த்திருக்கவேண்டும். கொண்டுவாருங்கள் என்றேன்.

அவர் போனதும் நல்ல கணக்கைத் திரும்ப ஏற்றினேன். என் கணவர் பக்கத்தில் வந்து நின்று லெப்டொப்பைப் பார்த்தார், கேபிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் அவருக்கு விளங்குவதை நான் ரசித்துக்கொண்டிருந்தேன். அவர் திட்டவில்லை. "வேற சட்ட போட்டுட்டு வாறேன், நானும் தெல்தோட்டைக்கு வாறேன்," என்றார். ஹாஜியாருக்காக அன்றைய வகுப்பை அவர் ஏற்கனவே நிறுத்தியிருந்தார்.

கலஹா தாண்டி அந்த வளைவு வந்தபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வண்டி ஏறிப் போனது. கைப்பிடியை விட்டுவிட்டுப் பேச்சை விட்ட இடத்தில் தொடர்ந்தார். லயத்தில் அப்பா வேட்டி கட்டி, தலை வாரி, வாசலில் தயாராக நின்றார். முன் சீட்டை மருமகனுக்குக் கொடுக்கிற பேச்சுக்கே இடமில்லை, நேரே வந்து ஏறிக்கொண்டார். கிளாக்கர் வீடு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் கேட்காமலேயே இரண்டு ஹோர்ன் அடித்தேன். கிளாக்கர் கதிரையை விட்டே எழுந்துவிட்டார். அப்பா அப்போதும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் கன்னம் துடித்தது.

கோயிலில் பூசை முடிந்து, என் கணவர் வாழையிலையில் சந்தனத்தை வாங்கிக்கொண்டு வண்டியிடம் வந்தார். வழக்கமாக வந்த வேகத்தில் அப்பிவிடுகிறவர். அன்றைக்கு விரலில் சந்தனத்தைத் தொட்டபடி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பொனட்டுக்கு நேரே விரலைக் கொண்டுபோனார், என்னைப் பார்த்தார், எடுத்துவிட்டார். கண்ணாடிப் பக்கம் போனார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"எங்க வெக்கிறது?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

நான் கதவைத் திறந்து ட்ரைவர் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, நெற்றியை அவர் பக்கம் நீட்டினேன்.

"அந்தக் கம்பின்னு நான் சொன்னது பிழை. இதுதான் முக்கியமானது. இங்க வைங்க."

வைத்தார். நடுவில் குங்குமமும் வைத்தார். கையைத் துடைக்காமல் எதையும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வீடு வந்து சேரும்வரை அந்தப் பொட்டை நான் துடைக்கவில்லை.